வலக்கை நாடி

குழந்தைவேலு முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு நாடி பார்க்கப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவாக வாய்த்த மரகதத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊருக்குச் சிரிக்க இது போதாதா? சிரித்தார்கள். ஏழு வருஷத்தில் அதே ஊர், காய்ச்சல் என்றால் அவரிடம்தான் கையை நீட்டியது.

அவர் மரகதத்தை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவருடைய மனைவி சரசம் ஒரு புதன்கிழமை விடியலில் இறந்துபோனாள். நான் சொல்கிறேன், இறந்துபோனாள் என்று. அவர் சொல்லவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தபடி, "நாடி இருக்கு" என்றார்.

நாடி பார்க்கிறவரே சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? பாடை கட்ட வந்தவர்கள் மூங்கிலை வேலியோரம் சாய்த்துவிட்டு நின்றார்கள். உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி வைப்பது அபசகுனம். அதனால் மகள் மலர்க்கொடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. ஈ மொய்க்கத் தொடங்கியது. அவர் பிடித்த கையை விடாமல் மறு கையால் விசிறினார். எழுதவே மனசு கூசுகிறது.

யாரோ ஆளனுப்பி மரகதத்தை வரவழைத்தார்கள். அவள் வந்து பாயோரம் உட்கார்ந்தாள். சரசத்தைத் தொடவில்லை.

"கழுத்துல பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன்."

"இருக்கா?"

"இல்ல."

"முழங்கை மடிப்புல?"

"இல்லம்மா. கால்லயும் பாத்துட்டேன். இல்ல."

"மணிக்கட்டுல மட்டும் இருக்கு."

"நல்லா இருக்கு. ரத்தக் குழாய் விம்மி விம்மித் தட்டுது. நீங்களே பாருங்க."

"பம்புக்குப் பக்கத்துல வராத டீசல், டியூபோட கடைசியில வருமா அண்ணே?"

லாரிக்காரருக்கு அதற்குப் பதில் தெரியும். இதயம் தளரும்போது மணிக்கட்டில்தான் முதலில் அடங்கும், கழுத்தில் கடைசியாக அடங்கும். முதல் மாதத்துப் பாடம் அது. அவரே எத்தனையோ வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறார்.

"எந்த விரலை வெச்சிருக்கீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். நாடி பார்க்க வேண்டிய மூன்று விரல்களும் மணிக்கட்டின் அடியில் கிடந்தன. மேலே அழுத்திக்கொண்டிருந்தது கட்டைவிரல்.

"கட்டைவிரல்ல ஏன் பாக்கக் கூடாதுன்னு..."

"தெரியும்மா. அதுக்குள்ளயும் ஒரு குழாய் ஓடுது. நம்மளோட அடிப்பே நமக்குத் தட்டும்."

"எப்ப மாத்துனீங்க?"

"விடியறப்ப. மொதல்ல மூணு விரலையும் வெச்சுத்தான் பாத்தேன். ஒண்ணும் தட்டல. மலரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. எனக்குப் பயமாப் போச்சு. கட்டைவிரலை வெச்சேன். தட்டுச்சு."

அவர் கட்டைவிரலை இன்னும் அழுத்தினார்.

"என்னோடதாவே இருந்தா என்னம்மா? அவ கையிலதானே தட்டுது?"

மரகதத்தின் கண் கலங்கியது. பிறகு தன் கையை நீட்டினாள்.

"உங்க கையைக் கொடுங்க."

அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு இடக்கையை நீட்டினார்.

"ஆம்பளைக்கு எந்தக் கையில பாக்கணும்?"

பெண்ணுக்கு இடக்கை, ஆணுக்கு வலக்கை. அதுதான் முறை. அவருடைய வலக்கை சரசத்தைப் பிடித்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நான் பாக்க வந்தது உங்களைத்தான் அண்ணே."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அவரும் அசையவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். ரொம்ப நேரம் கழித்து அவர் கட்டைவிரலைத் தூக்கினார். பிறகு மற்ற விரல்களையும் எடுத்தார்.

சரசத்தின் கை பாயில் விழவில்லை. அவர் பிடித்திருந்த உயரத்திலேயே விறைத்து நின்றது. அதை அவர் பார்த்தார்.

மரகதம் அவருடைய வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு."

"எனக்கு இது இன்னும் எதுக்கும்மா அடிச்சுக்கிட்டுக் கெடக்கு?"

மரகதம் வாசல் பக்கம் பார்த்தாள்.

"மலரு இன்னும் அழல அண்ணே. நீங்க சொன்னாத்தான் அழுவா."