குளத்துக்குத் தெரு பிரித்த நீர்க்கோழி

அல்லிக் குளத்தில் செம்மூக்கி என்று ஒரு நீர்க்கோழி இருந்தாள். நாணலுக்கு நடுவே கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். அடைகாக்கிறவளால் சும்மா இருக்க முடியுமா? குளத்தில் உள்ளவர்களை எல்லாம் இனம் பிரிக்கக் கிளம்பிவிட்டாள்!

“உருண்டையா இருக்கிறவங்க நத்தைத் தெருவுக்குப் போங்க! நீளமா இருக்கிறவங்க புழுத் தெருவுக்கு!”

அடிச்சேற்றில் நுண்ணுயிர்ப் பொடிசுகள் சில கூட்டமாகக் குடியிருந்தன. நம் கண்ணில் படாது. செம்மூக்கி கண்ணில் பட்டுவிட்டன! இலைதழை அழுகி, சேற்றிலிருந்து எழும்பும் வாயுக் குமிழிதான் அவற்றுக்குச் சோறு. சிலது உருண்டை, சிலது குச்சி.

“அக்கா, எங்களைப் பிரிக்காதீங்க! உருவம்தான் வேற. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, குமிழி. நாங்க ஒரே வீட்டு ஆளுங்க!”

தவளை வயிறு குலுங்கச் சிரித்தது. “காத்தைத் தின்னா வயிறு ரொம்புமா? அப்போ கொட்டாவி விட்டாலே இதுங்களுக்கு விருந்துதான்!”

“உருண்டை இந்தப் பக்கம், குச்சி அந்தப் பக்கம். கிளம்புங்க!” என்றாள் செம்மூக்கி.

பொடிசுகள் அழுதுகொண்டே போயின. சேறு வெறிச்சென்று ஆனது.

தின்ன ஆளில்லாத குமிழிகள் முத்து முத்தாக மேலே வந்தன. வெயிலில் நிறம் மாறி மாறி மினுங்கின. தூங்குகிற குளம் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தவளை குமிழிமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

“பார்த்தியா, நான் பிரிச்சதும் குளத்துக்கு என்ன ஒரு அழகு!” என்றாள் செம்மூக்கி.

ஒரு சாயங்காலம் கரையில் யாரோ சருகு கொளுத்தினார்கள். ஒரு பொறி பறந்து வந்து குமிழிமேல் விழுந்தது. உள்ளே இருப்பது எரிகிற வாயு அல்லவா, புஸ்! தண்ணீர்மேல் நீலச் சுடர் ஒன்று எழுந்தது. நடை பழகும் குழந்தை மாதிரி ஆடி ஆடி, ஒரு குமிழியிலிருந்து அடுத்த குமிழிக்குத் தாவி, நாணலைப் பார்த்து வந்தது.

“ஐயோ, என் முட்டை! பொடிசுகளே, ஓடி வாங்க!”

“யாரு வரணும் அக்கா? உருண்டையா, குச்சியா?”

“பசிச்சவங்க எல்லாரும் வாங்கடி!”

எல்லாம் திமுதிமுவென்று சேற்றில் வந்து விழுந்தன. பட்டினி கிடந்த வயிறல்லவா! குமிழி கிளம்பும் முன்பே வாரி வாரித் தின்றன. சுடர் அடுத்த குமிழியைத் தேடியது. காணோம். கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, சிணுங்கிக்கொண்டே அணைந்தது.

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. தவளை எட்டிப் பார்த்தது.

“அக்கா, எல்லாம் கறுப்பு உருண்டையா இருக்கே! நத்தைத் தெருவுக்கு அனுப்பிடலாமா?”

“வாயை மூடுடா!” என்று குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள் செம்மூக்கி.

உருவத்தை மட்டும் பார்த்து ஒருவரை இன்னார் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவர் எப்படிப் பிழைக்கிறார், என்ன செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.