முந்நூறு கஜத் தோட்டா

வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த ஒரு மலைச்சரிவில், லூர்துராஜ் என்பவரின் வீட்டு அலமாரிக்குள் ஒரு துப்பாக்கி இருந்தது.

அதற்கு ஒரு தம்பி உண்டு. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்து, ஒரே பெட்டியில் கப்பலேறி வந்தவை. அண்ணனை லூர்துராஜ் வாங்கினார். தம்பியைப் பக்கத்துத் தோட்டத்து சூசைமாணிக்கம் வாங்கினார். சிநேகிதர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது துப்பாக்கிகள் ஒரே மரத்தில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருக்கும்.

அண்ணனும் தம்பியும் உண்டது ஒரே வகைத் தோட்டா. குட்டை உருவம், பருத்த உடம்பு, மழுங்கிய மூக்கு. துப்பாக்கிகள் அதற்குக் கட்டையன் என்று பெயர் வைத்திருந்தன. கட்டையன்களுக்குப் பேச்சு குறைவு. சுடச் சொன்னால் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகும். போன எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் "போறேன்" என்று சொல்வது நன்றாக இருக்காது என்பது அவற்றின் எண்ணம். போன இடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒருநாள் லூர்துராஜ் டவுனுக்குப் போய் ஒரு பளபளப்பான பெட்டியோடு திரும்பினார். அலமாரியைத் திறந்து, அதைத் துப்பாக்கியின் காலடியில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "வணக்கம். நான் புதுசா வந்திருக்கேன்."

எட்டிப் பார்த்த துப்பாக்கி அசந்துபோனது. அப்படி ஒரு தோட்டாவை அது பார்த்ததே இல்லை. ஒல்லியாக, நெடுநெடுவென்று, கழுத்து சிறுத்து, மூக்கு ஊசி போல இருந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று துப்பாக்கி மரியாதையாகக் கேட்டது.

"தூரம் தெரியும்," என்றது நெட்டையன். "முந்நூறு கஜம் போனாலும் ஒரு சாண்கூட இறங்கமாட்டேன். பெரிய எஞ்சினியருங்க கணக்குப் போட்டு என்னை வடிச்சிருக்காங்க. வேகத்தில என்னை அடிச்சுக்க இப்ப ஆளே கிடையாது."

மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்த கட்டையன் ஒன்று இதைக் கேட்டது. "அப்படியா!" என்று மனதார வியந்தது. "நான் நூறு கஜம் தாண்டினாலே இறங்க ஆரம்பிச்சிடுவேன்ப்பா. அதுக்கு மேல எனக்கு மூச்சு வாங்கும்."

துப்பாக்கிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் இதைத்தானா உண்டு வளர்ந்தோம் என்று முதன்முதலாக நினைத்தது.

கட்டையன் மறுபடியும் கேட்டது. அதில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. "நம்ம காட்டில எங்கே பார்த்தாலும் கண்ணை மறைக்கிற உண்ணிப்புதரா இருக்கே. அந்த முந்நூறு கஜம் எந்தப் பக்கம் இருக்கு?"

"அது காட்டோட குறை," என்றது நெட்டையன். "என் குறை இல்லை."

துப்பாக்கிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது.

காப்பி குடித்துவிட்டு வந்த லூர்துராஜ் நெட்டையனை எடுத்துத் துப்பாக்கிக்குள் போட்டுப் பார்த்தார். பாதி போய் நின்றுவிட்டது. அவருடைய மனைவி அமலோற்பவம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளேயே போகலையே. எதுக்கு வாங்கினீங்க?"

"துப்பாக்கியைக் குடைஞ்சு கொஞ்சம் பெருசு பண்ணணும். டவுன்ல மீராசா ராவுத்தர் பண்ணித் தருவார். இப்ப எல்லாரும் இதுக்குத்தான் மாறிட்டு இருக்காங்க, தெரியுமா? கடைக்காரரே சொன்னார்."

"கடைக்காரர் வேற என்ன சொல்லுவார்? வேலியைப் பிச்சுக்கிட்டு அந்த ஒத்தைப் பன்னி தினமும் உள்ளே வருது. வேரையெல்லாம் கிண்டிப் போட்டிருக்கு. பழம் பறிக்க வர்ற பொம்பளைங்க வாய்க்கால் பக்கம் போகவே பயப்படறாங்க. இருக்கிற தோட்டாவை வச்சு முதல்ல அதை முடிங்க. அப்புறமா குடையறதைக் குடைங்க."

"புதுசைக் கையில வச்சுக்கிட்டு எவனாவது பழசைப் போட்டுச் சுடுவானா?" என்றார் லூர்துராஜ். "கொஞ்சம் பொறு. இது வந்துட்டா தோட்டத்து இந்த முனையில நின்னுக்கிட்டே அந்த முனையில இருக்கிற பன்னியைச் சாய்ச்சிடலாம்."

இனி எதற்கு என்று பிஸ்கட் டப்பாவை அப்படியே சூசைமாணிக்கத்துக்குக் கொடுத்தனுப்பினார். கட்டையன்கள் துப்பாக்கியிடம் "வரோம்" என்று சொல்லிக்கொண்டன. துப்பாக்கி சரியாகக் கவனிக்கவில்லை.

ராவுத்தர் பட்டறையில் கல்யாண வீட்டுக் கூட்டம். மலையில் உள்ள பாதித் துப்பாக்கிகள் அங்கே சுவரில் சாய்ந்துகொண்டு முறைக்குக் காத்திருந்தன. எல்லாம் நெட்டையனைப் பற்றியே பேசின. ஒன்று அதைச் சுட்டதை நேரிலேயே பார்த்திருப்பதாகச் சொன்னது. கேட்டுப் பார்த்ததில், சுட்டது கடை வாசலில் கட்டியிருந்த அட்டையை என்று தெரிந்தது. அட்டை அப்படியே நின்றுகொண்டிருந்ததாம். ஓட்டை நடுவில் விழுந்ததாம். எல்லாத் துப்பாக்கிகளும் பெருமூச்சு விட்டன.

ராவுத்தர் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கிவிட்டு லூர்துராஜைப் பார்த்தார். "இது நல்ல குழல். ஒரு தடவை குடைஞ்சிட்டா அவ்வளவுதான், பழைய தோட்டா இதுல நிக்காது. திரும்ப மாத்த முடியாது. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு," என்றார் லூர்துராஜ்.

"யோசிச்சாச்சு, குடைங்க!" என்று துப்பாக்கியும் கத்தியது. ராவுத்தருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் குடைந்தார்.

வலித்தது. தொண்டைக்குள்ளிருந்து இரும்புத்தூள் சுருள் சுருளாக விழுந்தபோது, அது தன் சொந்த உடம்பு என்பது துப்பாக்கிக்குத் தெரியத்தான் செய்தது. முந்நூறு கஜத்தை நினைத்துப் பொறுத்துக்கொண்டது.

வேலை முடிந்து அது வீடு திரும்பியபோது, வாசலில் யாரும் வரவேற்கவில்லை. அமலோற்பவம் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சடையாண்டியைப் பன்னி கிழிச்சிடுச்சு," என்றாள்.

சடையாண்டி தோட்டத்துக் காவல்காரர். வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போனவரைப் புதருக்குள்ளிருந்து வந்த பன்றி தொடையில் குத்தி இழுத்துப் போட்டிருந்தது. அவர் போட்ட சத்தத்தில் பழம் பறிக்கும் பெண்கள் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?" லூர்துராஜின் முகம் வெளுத்துவிட்டது.

"உயிர் இருக்கு. கால் இனிமே நேரா வராதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க." அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். "இது வீட்டில இல்லாத நேரத்தில."

அலமாரிக்குள் போனதும் துப்பாக்கி நெட்டையனிடம் கேட்டது. "நீ வீட்டில தானே இருந்தே?"

"இருந்தேன். பெட்டிக்குள்ளே இருந்தேன்," என்றது நெட்டையன். "சத்தம் கேட்டுச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா நீங்க இல்லாம நான் என்ன செய்ய முடியும்?"

அது சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனாலேயே துப்பாக்கிக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் லூர்துராஜ் துப்பாக்கியில் நெட்டையன்களை நிரப்பிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகத் தனியாக நடந்தார். அவமானமும் கோபமும் அவரை வேகமாகத் தள்ளிக்கொண்டு போயின. தூரத்தையே பார்த்துக்கொண்டு போனார். தூரத்தில் ஒன்றும் இல்லை.

பக்கத்துப் புதர் அசைந்தது. பன்றி தலையை வெளியே நீட்டியது. துணி காயப்போடும் கொடியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் இடைவெளி.

லூர்துராஜ் சுட்டார். நெட்டையன் சொன்னபடியே மின்னலாகத்தான் போனது. பன்றியின் தோளில் பலகை போல இறுகிக் கிடக்கும் தோலில் அந்த வேகத்தோடு மோதி, உள்ளே இறங்காமல் அங்கேயே தூள்தூளாகச் சிதறிவிட்டது. தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்தது. பன்றி விழவில்லை. ஒரு உறுமலோடு நேராக வந்தது.

லூர்துராஜ் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, அந்த வயதில் அவர் ஏறியிருக்கவே முடியாத ஒரு பலாமரத்தில் ஏறிவிட்டார்.

துப்பாக்கி சேற்றில் கிடந்தது. பன்றி அதை முகர்ந்தது. பிறகு அதன் மரப்பிடியின்மேல் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தது. அதன் தோளிலிருந்து ரத்தம் துப்பாக்கியின்மேல் சொட்டியது.

உள்ளே மிச்சமிருந்த நெட்டையன் ஒன்று மெல்லிய குரலில் சொன்னது. "ரொம்பப் பக்கத்தில வந்து நின்னுடுச்சு. அதுதான் பிரச்சினை. முந்நூறு கஜத்தில நின்னிருந்தா, இந்நேரம் கதையே வேற."

"இங்கேதான் நிக்குது," என்றது துப்பாக்கி. "கூப்பிட்டுச் சொல்லேன். அங்கே போய் நிக்கச் சொல்லேன்."

வெகு நேரம் கழித்துப் பன்றி நொண்டிக்கொண்டு புதருக்குள் போனது.

காயம்பட்ட பன்றியைக் காட்டில் விட்டுவைத்தால் வேறு யாரையாவது கொன்றுவிடும். விடிந்ததும் சூசைமாணிக்கம் தம்பித் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தார். அவர் முன்னால் போனார். லூர்துராஜ் பின்னால் போனார். ரத்தத் தடம் ஒரு ஓடைப் பள்ளத்தில் போய் இறங்கியது. அங்கிருந்து பன்றி பாய்ந்து வந்தபோது லூர்துராஜுக்குத் துப்பாக்கியைத் தூக்கவே கை வரவில்லை.

"வரேன்," என்றது தம்பிக்குள் இருந்த கட்டையன்.

வெடித்த சத்தம் அடங்குவதற்குள் பன்றி முன்னங்கால் மடிந்து, சூசைமாணிக்கத்தின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அசையவில்லை. சேற்றுக் கறையோடு நின்ற அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை பிளான்டர்கள் கிளப்பின் வாசலில் பன்றியைப் போட்டிருந்தார்கள். சுற்றி நல்ல கூட்டம். நெஞ்சில் கட்டையன் நுழைந்த துளை சுண்டுவிரல் அளவுதான். ரோமத்துக்குள் மறைந்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. தோளில் நெட்டையன் பிய்த்த காயம் எல்லார் கண்ணிலும் பட்டது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய அடி!" என்றார் ஒருவர். "எவ்வளவு தூரத்தில சுட்டீங்க?"

லூர்துராஜ் கொஞ்சம் தயங்கினார். பலாமரம் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். "ஒரு நூறு கஜம் இருக்கும்," என்றார். டீ வந்தபோது அது இருநூறு ஆயிற்று. சூப் வந்தபோது முந்நூறைத் தொட்டது.

எல்லாரும் சூசைமாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர். சிநேகிதனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கத் தெரியாதவர். "என்னுது என்ன, சும்மா. இவர் அடிச்சதிலேயே அது பாதி செத்துப்போச்சு. நான் மீதியை முடிச்சேன், அவ்வளவுதான்," என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெரிய காயத்தைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னது உண்மைதானோ என்று அவருக்கே தோன்றிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு துப்பாக்கிகளும் வழக்கம்போல ஒரு மரத்தில் சாய்ந்திருந்தன. தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எங்க அய்யாவும் புதுத் தோட்டாவுக்கு மாறிடலாம்னு பாக்கறார். நாளைக்கு என்னை ராவுத்தர்கிட்ட கொண்டுபோறதாப் பேச்சு. நீ மாறிட்டே. உனக்குத்தான் தெரியும். மாறலாமா?"

"பன்னியைக் கொன்னது நீதானே," என்றது அண்ணன்.

"நானா? கிளப்பில எல்லாரும் பேசினதை நீயும்தானே கேட்டே. நான் என்ன செஞ்சேன், மீதியை முடிச்சேன்." தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நீ வேண்டாம்னு சொன்னா நான் போகமாட்டேன். போல்ட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அடம் பண்ணினா, ஏதோ துரு ஏறியிருக்குன்னு விட்டுடுவாங்க. நீ சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

தம்பியிடமிருந்து கட்டையனின் வெடிமருந்து வாசனை வந்தது. கீழே பாதையில் சடையாண்டி போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் கம்பு. மறு கையை அவர் மனைவி பிடித்திருந்தாள். வாய்க்கால் மேடு வந்ததும் அவள் முதலில் இறங்கி, அவர் காலைத் தன் கையாலேயே தூக்கிக் கீழே வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரே சொல்தான். ஆனால் தம்பி விடாது. ஏன் என்று கேட்கும். அப்போது சேற்றில் கிடந்ததைச் சொல்ல வேண்டும். பட்டறையில் தான் கத்தியதைச் சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் போகிற மனிதனின் காலையும் சொல்ல வேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு தம்பி முழுத் தொண்டையோடு வீட்டுக்குப் போகும். தான் இந்தத் தொண்டையோடு அலமாரிக்குப் போக வேண்டும்.

"என்ன அண்ணே, யோசிக்கறே?"

"ஒண்ணுமில்லை," என்றது அண்ணன். "மாறிடு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு."

"வலிக்குமா?"

"தெரியவே தெரியாது."

மறுநாள் காலையில் தம்பியை ஜீப்பில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் சத்தம் வளைவில் தேய்ந்து மறைகிற வரைக்கும் அண்ணன் அலமாரிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பிறகு, பல நாளைக்கு அப்புறம், நிம்மதியாகத் தூங்கியது.