அதிகாரிக்கு இரண்டு அவித்த முட்டை

கோணக்குளத்து ஆட்களைப் பற்றி வெளியூரில் பலரும் பலதும் சொல்வார்கள். நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. கூட்டிச் சொல்ல அவர்கள் இடம் வைக்கவும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஊருக்கு முன்னால் தார்ச்சாலை போகிறது. நாளுக்கு இருபது பேருந்தாவது அதில் போகும். ஒன்றும் நிற்காது. ஊர்க்காரர்கள் ஓரமாக நின்று கையைக் காட்டுவார்கள். உள்ளே இருப்பவர்களும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். பதினொரு வருடமாக இந்த மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் நாலு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய்த்தான் பஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

அதனால் பேருந்து நிறுத்தச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தலைவர் உச்சிமாகாளி. செயலாளர் தளவாய். உறுப்பினர்கள் நம்பித்துரையும் சொரிமுத்துவும். ஊரில் மற்ற எல்லோருக்கும் வேலை இருந்ததால் இந்த நால்வரே சங்கம்.

போன வருடம் பேருந்துக் கழகத்து அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். அவருக்குச் சர்க்கரை. காலையில் அவித்த முட்டை இரண்டுதான் சாப்பிடுவார், வேறு எதையும் தொடமாட்டார். டீக்கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். உரிக்கப் போனபோது தோலோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிட்டது. அதிகாரி வெறும் மஞ்சள்கருவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சங்கம் மூன்று கூட்டம் போட்டு ஆராய்ந்து, பேருந்து நிற்காததற்குக் காரணம் முட்டைத்தோல்தான் என்று ஒருமனதாக முடிவு செய்தது.

இந்த வருடம் அதே அதிகாரி மறுபடி வருவதாகத் தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

தளவாயின் தங்கை செண்பகம் கோயம்புத்தூரில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் தன் வீட்டுக் கரண்ட் குக்கரைப் பார்சலில் அனுப்பிவைத்தாள். அதில் அவித்தால் தோல் தன்னால் உரியுமாம்.

தலைவர் வீட்டுக் கூடத்தில் குக்கரை வைத்துச் சங்கம் சுற்றி உட்கார்ந்தது. தலைவரின் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள். "ஒரு சட்டியில தண்ணிய ஊத்தி, முட்டையைப் போட்டுக் கொதிக்க விட்டா போதாதா?"

"அது நமக்கு அவிக்கிற முறை," என்றார் உச்சிமாகாளி. "அதிகாரிக்குன்னு ஒரு முறை இருக்கும்லா?"

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் செண்பகம் போனில் முறையைச் சொன்னாள். தளவாய் அதைச் சங்கத்தின் தீர்மான நோட்டில் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

"ஒரு கப் தண்ணி ஊத்துங்கண்ணே. உள்ள ஸ்டாண்டைப் போட்டு, அது மேல முட்டையை வைங்க. முட்டைப் படம் போட்ட பொத்தானை அமுக்குங்க. வாயை நல்லா மூடிட்டு அஞ்சு நிமிஷம் இருங்க. பிரஷர் தானா இறங்கணும், அதுவரைக்கும் தொறக்கக் கூடாது. இறங்கினதும் எடுத்து ஐஸ் தண்ணியில போடுங்க. அஞ்சு நிமிஷத்துல தோல் உரிஞ்சிரும். நான் வேலைக்குப் போறேன், இனி போன் எடுக்க முடியாது."

தளவாய் நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இதுல இருக்கதைச் செய்வோம். இல்லாததைச் செய்ய மாட்டோம்."

முதல் சிக்கல் கப். கோணக்குளத்தில் இருந்தது ஒரே ஒரு கப்தான். இருபது வருடத்துக்கு முன் கபடியில் வாங்கி வாசகசாலை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். சொரிமுத்து ஓடிப்போய் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது ரெண்டாம் பரிசுக் கப்பு வே," என்றார் நம்பித்துரை. "அதிகாரிக்கு ரெண்டாம் பரிசுக் கப்புல ஊத்துனா மரியாதையா இருக்குமா?"

தளவாய் நோட்டைப் பார்த்தார். "ஒரு கப்புன்னுதான் இருக்கு. என்ன பரிசுன்னு இல்ல."

கப் நிறையத் தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். குக்கர் விளிம்பு வரை நிறைந்தது. பாதி போதாதா என்று தலைவர் கேட்டுப் பார்த்தார். அரைக் கப் என்று தங்கை சொல்லவில்லை என்று தளவாய் விளக்கினார்.

அடுத்தது ஸ்டாண்டு. பெட்டிக்குள் மூன்று கால் வைத்த கம்பி வளையம் ஒன்று இருந்தது. குக்கர் உடையாமல் இருக்க வைத்த சாமான் என்று நம்பித்துரை ஏற்கெனவே அதைக் கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட்டுவிட்டார்.

"ஸ்டாண்டுக்கு எங்க வே போறது?" என்றார் தலைவர். "நம்ம ஊர்ல ஸ்டாண்டு இருந்தா இந்த மனுசனுக்கு நாம ஏன் முட்டை அவிக்கோம்?"

எல்லோரும் யோசித்தார்கள். சொரிமுத்துதான் கண்டுபிடித்தார். "உள்ள ஸ்டாண்டைப் போடணும், அவ்வளவுதானே? தலைவர் சைக்கிள் வெளிய சுவத்துல சாஞ்சு நிக்கி. அதை உள்ள கொண்டாந்து ஸ்டாண்டைப் போடுவோம்."

நோட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். அட்சரம் பிசகவில்லை. சைக்கிளைக் கூடத்துக்குள் தள்ளி வந்து, கிணுக்கென்று ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். அது மேல் முட்டையை வைக்க வேண்டும். ஆறு முட்டை வாங்கியிருந்தார்கள். சீட்டில் வைத்த மூன்றும் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. கேரியரில் வைத்ததில் ஒன்றைக் கேரியர் கம்பியே நசுக்கியது. மீதி இரண்டைத் துண்டில் பொதிந்து கேரியரில் வைத்தார்கள். அதிகாரி சாப்பிடுவதும் இரண்டுதானே என்று தலைவர் எல்லோரையும் தேற்றினார்.

பொத்தானை அமுக்கினார்கள். இந்த ஒன்றை மட்டும் எப்படிச் சரியாகச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு நால்வரும் வாயை நன்றாக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மூடி போடாத குக்கர் கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது. மூடி போட வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. சத்தம் கேட்டு வந்த கோமதி சைக்கிளைப் பார்த்தாள், கேரியரில் முட்டையைப் பார்த்தாள், நாலு ஆண்களும் உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. குக்கரை மூடித் திருகிவிட்டு, சத்தம் நின்றதும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்து நிமிடம் ஆனதும் தளவாய் வாயைத் திறந்தார். "இனி பிரஷர் இறங்கணும்."

மூவரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் பிரஷர் இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

சொரிமுத்து போய் நர்ஸ் ஆவுடையைக் கூட்டிவந்தார். ஆவுடை தலைவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். "நூத்தி அறுபது. காலையில மாத்திரை போட்டீங்களா?"

உச்சிமாகாளி சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். தளவாய் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"தானா இறங்கணும்னு இருக்கு, தலைவரே. மாத்திரை போட்டா அது தானா இறங்குனதா ஆகுமா?"

"வேற என்ன வே செய்ய?"

"மனசுக்கு இதமா ஏதாவது சொல்லிப் பார்ப்போம்," என்றார் நம்பித்துரை. தலைவரைப் பாயில் படுக்கவைத்து விசிறியபடி சொன்னார். "அதிகாரி கிளம்பிட்டாராம் தலைவரே. வந்துகிட்டே இருக்காராம்."

நூற்று எழுபத்தைந்து.

"பதறாதீங்க, அவர் வரலையாம்."

நூற்று தொண்ணூறு. பதினொரு வருட உழைப்பு வீணாகிறது என்றால் எந்தத் தலைவருக்குத்தான் ஏறாது.

ஆவுடை கத்தினாள். "ஆளுக்கு ஏதாவது ஆயிரப் போகுது, மாத்திரையைக் கொடுங்க." தளவாய் அவளுக்கு நோட்டை விரித்துக் காட்டினார்.

மணி ஏழரை ஆகிவிட்டது. அப்போது சொரிமுத்து தலைவர் காதருகே குனிந்து, சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார். "கேள்விப்பட்டீங்களா? போன எலக்சன்ல உங்களைத் தோக்கடிச்ச நவநீதன் நேத்து வாய்க்கால்ல விழுந்துட்டான். கால்ல கட்டுப் போட்டிருக்கு. மூணு மாசம் எந்திரிக்க முடியாதாம்."

உச்சிமாகாளி கண்ணை மூடினார். முகத்தில் ஒரு சாந்தம் பரவியது. "பாவம்," என்றார்.

"நூத்தி இருபது," என்றாள் ஆவுடை. கருவியைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி அளந்தாள். நூற்று இருபதேதான். இனி ஆபத்தில்லை என்று பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

"இறங்கிட்டு," என்றார் தளவாய். "இறங்கினதும் எடுத்து ஐஸ் தண்ணியில போடணும்."

மீன் வியாபாரியிடம் கேட்டு வாங்கிய ஐஸ் கட்டியோடு பெரிய அண்டா ஒன்று முற்றத்தில் தயாராக இருந்தது. மூவரும் தலைவரின் கையையும் காலையும் பிடித்தார்கள்.

"என்னையா வே போடச் சொல்லியிருக்கு?"

"பிரஷர் யாருக்கு இறங்குச்சு தலைவரே?" என்றார் தளவாய்.

உச்சிமாகாளி அண்டாவை எட்டிப் பார்த்தார். "தோல் உரியும்னு வேற இருக்கே," என்றார் மெதுவாக.

"தன்னால உரியுமாம். வலி இருக்காது."

"சரி, ஊருக்காக," என்றார் அவர். கழுத்தளவுக்கு இறக்கினார்கள். சாளை மீன் வாடை அடித்தது. நம்பித்துரை நிமிடத்துக்கு ஒரு தடவை தலைவரின் தோள்பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உரியவில்லை. ஐந்து நிமிடம் போய்ப் பத்து நிமிடம் ஆயிற்று. தலைவரின் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

"வெந்தது பத்தாதோ?" என்றார் சொரிமுத்து.

அந்த நேரத்தில் வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி உள்ளே வந்தார். கூடத்தில் குக்கர் மூக்கு வழியாக வெந்நீரைக் கூரைக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள். முற்றத்து அண்டாவில் ஒரு தலை.

"அய்யா வாங்க, உக்காருங்க," என்றார் தளவாய். "முட்டை ரெடி. தலைவருக்குத் தோல் உரிஞ்சதும் சாப்பிட்டிரலாம்."

அதிகாரி பசியோடு இருந்தார். வழியில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர். கேரியரில் துண்டுக்குள் இருந்த முட்டையைப் பார்த்ததும் ஒன்றை எடுத்துச் சைக்கிள் கைப்பிடியில் தட்டினார். முட்டை அப்படியே அவர் சட்டை மேல் வழிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போன வருடம் பார்த்த அதே பார்வை.

சங்கம் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதிகாரி ஜீப்புக்குப் போகவில்லை. முற்றத்துக்குப் போய், நீலம் பாரித்திருந்த தலைவரின் உதட்டைப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவரை அண்டாவிலிருந்து தூக்கினார்கள். கோமதி ஓடிவந்து கம்பளியைச் சுற்றினாள். எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் தாண்டித் தலைவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

போகிற வழியில் தளவாய் நோட்டை வரி வரியாக வாசித்து, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தார்கள் என்று விளக்கினார். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நம்பித்துரை நினைத்துக்கொண்டார்.

தலைவருக்கு மத்தியானமே உடம்பு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே அதிகாரி உத்தரவை எழுதினார்: 'இவ்வூரார் மருத்துவமனைக்கு அடிக்கடி செல்ல நேரிடும் என நேரில் அறிந்ததால், அடுத்த திங்கட்கிழமை முதல் காலை நேரத்தில் இவ்வழியே செல்லும் பேருந்து ஒன்று கோணக்குளத்தில் நிற்கும்.'

திங்கட்கிழமை காலை பேருந்து நின்றது. ஊரே சாலைக்கு வந்துவிட்டது. டிரைவருக்கு மாலை, கண்டக்டருக்குச் சந்தனம். ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

தளவாய் பேருந்தின் முன்னால் போய் நின்று உத்தரவை விரித்தார்.

"எங்க போறீங்க? 'கோணக்குளத்தில் நிற்கும்'னு போட்டிருக்கு. கிளம்பும்னு எங்க போட்டிருக்கு?"

டிரைவர் வாங்கிப் படித்துப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. அரை மணி நேரம் வாதாடினார்கள். பயணிகள் இறங்கி ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"சரிங்க," என்றார் கண்டக்டர் கடைசியில். "நான் ஆபீஸுக்குப் போய்க் கிளம்பும்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாரேன். எப்படிப் போறது?"

"பின்னால வர பஸ்ஸுல போங்க," என்றார் உச்சிமாகாளி.

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பேருந்து வந்தது. முன்னால் ஒரு பேருந்தையும் இத்தனை கூட்டத்தையும் பார்த்து அதன் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் ஏறுவதற்கு ஓடினார். நம்பித்துரையும் சொரிமுத்துவும் அவருக்கு முன்னால் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தார்கள்.

"இங்க நிக்காதீங்க, போங்க, போங்க," என்றார் நம்பித்துரை. "எங்களுக்கு ஒரு பஸ்ஸுக்குத்தான் உத்தரவு. அது நிக்கி."