பத்து கிலோ தாங்கும் காந்தம்

வெள்ளரிக்குளத்துக்காரர்களான எங்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கலெல்லாம் வருகிறது.

மாசாணத்தின் மகள் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தத்தன்று அவர் வீட்டுச் செவலை ஆடு சாமான் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், பந்திக்கு வைத்திருந்த வாழை இலை அத்தனையையும் தின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் சோற்றைக் கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். நாளைக்குக் கல்யாணம். மறுபடியும் இலை போனால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று மாசாணம் துடித்தார். தாழ்ப்பாள் போடலாமே என்பீர்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை.

மச்சினன் ஆவுடையைக் கூட்டிக்கொண்டு டவுன் இரும்புக்கடைக்குப் போனார். கடைக்காரர் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் காந்தம் ஒன்றைக் காட்டினார்.

"இதை ஸ்குரூ போட்டுக் கதவுல முடுக்குங்க. எதிர்ல இந்தத் தகட்டை வையுங்க. மரத்தைப் பிடிக்காது, இரும்பைத்தான் பிடிக்கும். பத்து கிலோ தாங்கும். ரொம்ப முறுக்கிராதீங்க, காந்தம் உடைஞ்சிரும்."

ஆவுடை யோசனையில் ஆழ்ந்தான். "அத்தான், நம்ம ஆடு எவ்வளவு இருக்கும்?"

"போன வாரம் நிறுத்தேன். பதினாலு."

"அப்ப ரெண்டா வாங்குங்க. இருபது தாங்கும். ஆடு இன்னும் ஆறு கிலோ தின்னாலும் பயமில்ல."

மச்சினனின் கணக்கைக் கேட்டு மாசாணத்துக்கு நெஞ்சு நிறைந்தது. கடைக்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அடுத்த ஆலோசனை நடந்தது.

"ஆடு வெளிய இருந்துதானல வருது? காந்தமும் வெளிப்பக்கம்தான் இருக்கணும்" என்றார் மாசாணம்.

"சரிதான் அத்தான். தகட்டை எதிர்ல வைக்கச் சொன்னாரே, கதவுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்கு எதிரில் ஆடு நின்றுகொண்டிருந்தது.

தகட்டை ஆட்டின் கழுத்தில் கட்டினார்கள். மாசாணம் ஸ்குரூவை மெல்ல, குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி முடுக்கினார். வழக்கம்போல் கதவை முட்ட வந்த ஆடு டப்பென்று ஒட்டிக்கொண்டது. அது பின்னால் இழுக்க இழுக்கக் கதவு இன்னும் கெட்டியாகச் சாத்திக்கொண்டது. மாசாணம் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் வந்த சம்பந்தி, ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மாசாணத்தைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன? எம் மவன் ஏற்கெனவே ரெண்டு மணையில இருந்து எந்திச்சு ஓடிட்டான். இன்னைக்கும் முழி சரியில்ல."

இலை போனால் மானம் போகும். மாப்பிள்ளை போனால் மகள் வாழ்க்கையே போகுமே!

"மாப்பிள்ளை எவ்வளவு இருப்பாரு?" என்றான் ஆவுடை.

"எழுபது கிலோ."

"இருபதுதானல தாங்கும்!" என்று மாசாணம் தலையில் கை வைத்தார்.

ஆவுடை அசரவில்லை. "இருபது கிலோ இங்க ஒட்டிக்கிட்டா, மிச்ச அம்பது கிலோ மட்டும் தனியா எங்க போயிரும் அத்தான்?"

சம்பந்திக்கும் அந்தக் கணக்கு சரியாகவே பட்டது. காந்தங்களைக் கதவிலிருந்து கழற்றி மணையில் முடுக்கினார்கள். தகட்டை ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்து, திருஷ்டித் தகடு என்று சொல்லி மாப்பிள்ளையின் வேட்டிக்குள் பின்பக்கமாகக் கட்டினார்கள்.

கெட்டிமேளம் கொட்டியதும் மாப்பிள்ளை பாதி எழுந்தார். மணையும் கூடவே எழுந்தது. மணையோடு எங்கே ஓடுவது என்று அவருக்கும் விளங்கவில்லை. உட்கார்ந்து தாலியைக் கட்டிவிட்டார். மாசாணம் சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதார்.

பந்திக்கு இலை எடுக்கச் சாமான் அறைக்குப் போனார்கள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு இலைகூட இல்லை. வயிறு உப்பிப்போய் ஆடு படுத்திருந்தது. பின்னாலேயே வந்த சம்பந்தி, பழக்கத்தில் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

மாசாணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆவுடை மட்டும் பதறவில்லை. ஆட்டைத் தூக்கி அரிசித் தராசில் வைத்து முள்ளை உற்றுப் பார்த்தான்.

"கவலைப்படாதீங்க அத்தான். பதினெட்டுதான் இருக்கு. நம்ம காந்தம் தாங்கும்."