படகோட்டிக்கும் அதே பறை

ஆறும் மலையும் அருகருகே இருந்த செங்கரை நாட்டை ஒரு காலத்தில் கோடைமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் அவன் மனதில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிட வேண்டும்.

ஒரு வருஷம் வெள்ளம் வந்து கடைவீதி முழுகிப் போனது. "இனி வெள்ளம் வந்தால் என்ன செய்வது?" என்று ராஜா சபையில் கேட்டான். வீரசேகரர் என்று ஓர் ஆலோசகர் இருந்தார். அமைச்சர் கூத்தநாதருக்கு இருந்த மதிப்பு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அமைச்சர் வாய் திறக்குமுன் அவர் எழுந்துவிட்டார்.

"ரொம்ப எளிது மகாராஜா. கோட்டைப் பறை கேட்டதும் யாராயிருந்தாலும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு மலை ஏற வேண்டும். ஊருக்கெல்லாம் ஒரே ஆணை."

"தொழிலுக்குத் தொழில் ஆபத்து வேறு, அரசே. ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு..." என்றார் அமைச்சர்.

"நீர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த வெள்ளமே வந்துவிடும்" என்றார் வீரசேகரர். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே முத்திரை போட்டான்.

அடுத்த மழைக்கு வெள்ளம் வந்தது. பறை ஒலித்தது. குயவர்கள் எரிகிற சூளையை விட்டு ஏறினார்கள். வைத்தியர் படுத்த படுக்கையாய் இருந்தவர்களை விட்டு ஏறினார். ஓடக்காரர்களும் ஓடங்களைக் கட்டிப்போட்டுவிட்டு ஏறினார்கள். அக்கரை வயலில் களையெடுக்கப் போயிருந்த பெண்கள் ஓடிவந்து கரையில் நின்றார்கள். ஓடம் வரவில்லை. அவர்களில் ஒருத்தியும் வீடு திரும்பவில்லை. ஓடக்காரர் தலைவன் சாத்தனின் மனைவி நாச்சியும் அவர்களோடு வெள்ளத்தில் போய்விட்டாள்.

வெள்ளம் வடிந்ததும் வீரசேகரர், "ஆணையால் ஊர் பிழைத்தது" என்று சொல்லிப் பட்டுச் சால்வை வாங்கிக்கொண்டார். கூத்தநாதர் சாத்தன் வீட்டுக்குப் போனார். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அமைச்சர் நேரே அரண்மனைக்குத் திரும்பினார்.

"அரசே, ஆணை எல்லோர் மனதிலும் பதிய வேண்டும். வெள்ளம் இல்லாத நாளில் ஒருமுறை பறை அடித்துப் பார்க்கலாமா?"

தன் ஆணையைத்தானே புகழ்கிறார் என்று வீரசேகரரும் தலையாட்டினார். "என்றைக்கு என்று எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்" என்றான் ராஜா.

ஒரு நாள் காலை ராஜா மேல்மாடத்தில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தான். பாதி முகம் முடிந்திருந்தது. பறை ஒலித்தது. நாவிதர் கத்தியை வைத்தார், கும்பிட்டார், போய்விட்டார். தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆளில்லை. ராஜா எட்டிப் பார்த்தான். கோடையில் வற்றியிருந்த ஆற்றின் நடுவே வீரசேகரரின் பல்லக்கு தனியாக நின்றது. தூக்கியவர்கள் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். வீரசேகரர் பல்லக்குக் கம்பைக் கட்டிப்பிடித்தபடி கூவிக்கொண்டிருந்தார்.

ராஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, "யாராவது போய் அவரைத் தூக்குங்களேன்" என்றான்.

பின்னால் கூத்தநாதர் நின்றார். "எல்லோரும் உங்கள் ஆணைப்படி மலையில் இருக்கிறார்கள், அரசே."

"நீர் ஏன் போகவில்லை?"

"ஆணையை மீறியதற்குத் தண்டனை வாங்க நிற்கிறேன். அவருக்கு முழங்கால் தண்ணீர்தான், நடந்தே வந்துவிடுவார். அன்றைக்கு அக்கரையிலிருந்தும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். அது இந்த மாடத்துக்குக் கேட்கவில்லை."

ராஜாவின் சிரிப்பு நின்றது. பாதிச் சவரத்தோடேயே சாத்தன் வீட்டுக்கு நடந்தான்.

சாத்தன் அன்றுதான் வாய் திறந்தான். "நாச்சி கையை அசைச்சா, மகாராஜா. என்னைத்தான் கூப்பிடுறாள்னு தெரிஞ்சுது. ராஜா உத்தரவாச்சேன்னு மலை ஏறிட்டேன்."

ராஜா அவன் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்தான்.

மறுநாளே பழைய ஆணை போனது. ராஜா தெருத்தெருவாய்ப் போய், "உங்கள் வேலையில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது?" என்று கேட்டான். உப்பு வணிகர் மேகம் கறுத்ததுமே மூட்டைகளை ஏற்ற வேண்டும். நெசவாளர் தறியில் இருக்கும் பாவு நூலைச் சுருட்டும்வரை நிற்கலாம். சமையல்காரர் முதலில் ஏறி மலையில் அடுப்பு மூட்ட வேண்டும். வைத்தியர் நோயாளிகளோடுதான் ஏற வேண்டும். ஓடக்காரருக்குப் பறை என்றால் மலை அல்ல, அக்கரை. வீரசேகரருக்குக் கிடைத்த தண்டனை, எல்லாத் தெருவுக்கும் கூடவே வந்து வாய் திறக்காமல் கேட்பது.

அமைச்சருக்கு ராஜா பொற்சங்கிலி நீட்டினான். "போன மழைக்கு முன்னாலேயே ஊரைக் கேட்டிருந்தீர்கள் என்றால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன், அரசே" என்று கூத்தநாதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுவருஷமும் ஆறு பொங்கியது. சாத்தன் முதல் ஓடத்தைத் தள்ளினான். அக்கரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நனைந்துபோய், உயிரோடு வந்து இறங்கினார்கள். ராஜாவே கைகொடுத்து இறக்கிவிட்டான்.

எல்லோரும் மலை ஏறத் தொடங்கியபோது சாத்தன் ஓடத்தை மறுபடியும் திருப்பினான்.

"அங்கே ஒருவரும் இல்லையே, எங்கே போகிறான்?" என்றார் வீரசேகரர்.

"போகட்டும்" என்றார் கூத்தநாதர்.

ஓடம் நாச்சி கையசைத்த அந்த வெறும் கரையைத் தொட்டுச் சிறிது நேரம் நின்றது. அது திரும்பி வரும்வரை ராஜா மழையிலேயே நின்றிருந்தான். செங்கரையில் அன்று கடைசியாக மலை ஏறியவர்கள் அவனும் சாத்தனும்தான்.