கையால் பறிக்காத விதை

முன்னொரு காலத்திலே, மரமெல்லாம் எழுந்து நடந்து போய்விட்ட நாடு ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்துதான் போயின! கருவேலன் என்ற மந்திரவாதி ஒருநாள் மலையடிவாரத்தில் நின்று மூன்று முறை கைதட்டினான். ஆலமரம் முதல் அறுகம்புல் வரை வேரைத் தூக்கிக்கொண்டு வரிசையாக அவன் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டன. அதற்கப்புறம் அரிசியும் பருப்பும் பக்கத்து நாட்டிலிருந்து வண்டியில் வந்தன. நிழல் வண்டியில் வருமா?

பிள்ளைகள் இலையைப் படத்தில்தான் பார்த்தார்கள். ராஜா கருவேலனிடம் கெஞ்சிக் கூத்தாடி, வருஷத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி வாங்கினார். அந்த வருஷம் செவந்தியின் வகுப்புக்கு முறை வந்தது.

செவந்தி என்பது ஒரு பூவின் பெயராம். அம்மாதான் சொல்லியிருந்தாள், அவளும் பார்த்ததில்லை. தன் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிற பூ எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து அவளுக்கு இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை.

தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு வாய் உண்டு. அது கரகரவென்று சொன்னது:

"கண்ணால் பார், குற்றமில்லை. மூக்கால் முகர், குற்றமில்லை. கையால் பறித்தவர் எவரோ, பறித்ததாகவே ஆவார்!"

கருவேலன் முன்னால் நடந்தான். இலையைக் காட்ட வேண்டுமானால் பித்தளைப் பிரம்பால் தொட்டுக் காட்டினான்.

"ஏங்க ஐயா, கையால தொடாம பிரம்பால தொடுறீங்க?" என்று கேட்டாள் செவந்தி.

"வாயை மூடிக்கிட்டு வா!" என்றான் அவன்.

புளியமரத்தடிக்கு வந்தார்கள். செவந்தியின் உயிர்த்தோழி காத்தாயிக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. எட்டி ஒரு புளியங்காயைப் பறித்தாள். பறித்த கை பறித்தபடி நிற்க, காத்தாயி நின்ற இடத்தில் ஒரு புளியங்கன்று நின்றது!

"ஐயோ, யாரும் எதையும் தொடாதீங்கப்பா!" என்று அலறினார் நாகலிங்க வாத்தியார். அலறியபடியே முல்லைப் பந்தலுக்குள் போய்விட்டார். பாவம், அப்படி ஒரு வாசனையை அவர் ஆயுளில் முகர்ந்ததில்லை. 'ஒரே ஒரு பூதானே' என்று கை நீண்டது. அப்புறம் பந்தலில் ஒரு முல்லைக்கொடி கூடியிருந்தது. கொடியில் அவர் மூக்குக்கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். செவந்திக்கும் அழுகை முட்டியது. "இவங்களை எப்படி ஐயா திருப்புறது?" என்று கேட்டாள்.

"இது நான் போட்ட மந்திரம். நான் நானா இருக்கிற வரைக்கும் கலையாது!" கருவேலன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சரி, செவந்திப் பூ எங்கே ஐயா இருக்கு?"

"தேடிக்கோ!"

தேடினாள். வேலியோரத்துப் புதருக்குள்ளும் நுழைந்து பார்த்தாள். அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு செடி, நீள நீளக் கதிரோடு ஆடிக்கொண்டிருந்தது. "இது பேரென்ன?"

"நாயுருவி. அது வெறும் களை. அதையெல்லாம் ஒருத்தரும் பார்க்க வர்றதில்லே. நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க!"

கதவருகே வந்ததும் அவன் கண் செவந்தியின் பாவாடையில் விழுந்தது. கரையெல்லாம் நாயுருவியின் குட்டிக்குட்டி முள்விதைகள்!

"திருடி! என் விதையைக் கடத்துறியா? கதவே, அவளை மாத்து!"

செவந்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் பறிக்கலை ஐயா. நான் பாட்டுக்குப் போனேன், அதுதான் என்னைப் பிடிச்சுக்கிட்டது."

கதவு கரகரத்தது: "கை படவில்லை. குற்றமில்லை."

"அப்படின்னா பிய்ச்சுப் போடு!"

செவந்தி குனிந்தாள். விரல் விதைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. இவன் ஏன் எல்லாவற்றையும் பிரம்பால் தொடுகிறான்? காலையில் கேட்டதற்குப் பதில் இப்போது கிடைத்துவிட்டது.

"பிய்ச்சா என் கை படுமே ஐயா. நான் மாட்டேன். இப்படியே கொண்டு போய் எங்க வாசல்ல உதறிடுறேன். முளைச்சா முளைச்சுக்கட்டும்."

கருவேலன் பிரம்பால் தட்டினான், விதை விழவில்லை. சுரண்டினான்; விழவில்லை. ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள் செவந்தி. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. பிரம்பை வீசிவிட்டுப் பாய்ந்து, ஒரு விதையைக் கையாலேயே வெடுக்கென்று பிய்த்தான்.

"கையால் பறித்தவர் எவரோ, பறித்ததாகவே ஆவார்!" என்றது கதவு. அதற்கு ஆள் பேதம் தெரியாது.

கருவேலன் நின்ற இடத்தில் ஒரு நாயுருவிச் செடி நின்றது. அங்கே புளியங்கன்று தும்மிக்கொண்டே காத்தாயியாயிற்று. முல்லைக்கொடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வாத்தியாராயிற்று. செவந்தி ஓடிப்போய்க் காத்தாயியைக் கட்டிக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அழுது தீர்த்தாள்.

கதவு தானாக இன்னும் அகலத் திறந்தது. ஆலமரம் முதலில் வெளியே வந்தது, அப்புறம் புளி, அப்புறம் வேம்பு. அவரவர் ஊருக்கு அவரவர் நடந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக ஒரு சின்னச் செடி தத்தித்தத்தி வந்து செவந்தியின் வீட்டு வாசலில் வேரை ஊன்றிக்கொண்டது. அதன் உச்சியில் மஞ்சளாக ஒரு பூ.

செவந்தி அதன் முன்னால் குந்தினாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல மோந்து பார்த்தாள்.

"நீதானா அது?" என்று கேட்டாள்.

கருவேலனா? அவன் இன்றைக்கும் பாதையோரத்தில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் துணியையெல்லாம் பிடித்து இழுக்கிறான். பார்க்க ஒருத்தரும் வருவதில்லையாம்.