செம்போத்து மலையிறங்கிய பகல்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது பாக்கியத்தக்காள். என் மூத்தவனுக்கு மொட்டை போட நொச்சிமலைக்குப் போயிருந்த ஆடி மாசம் அது. அடிவாரத்தில் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். பொட்டலம் மடிக்கிற கை நிற்காமலே கதையும் ஓடியது. இப்போது அந்த மூத்தவனுக்கே மீசை நரைத்துவிட்டது. கதை மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

அந்தக் காலத்தில், பறவையும் குரங்கும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நொச்சியம்மன் அந்த மலை உச்சியில் தன் கையாலேயே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலோ கண்வலியோ, யார் வந்தாலும் நாடி பிடித்துப் பார்ப்பாள். ஒரு சிட்டிகை மருந்தை நாக்கில் வைப்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

மருந்து இடிப்பது செம்போத்தின் வேலை. அப்போது அதற்கு அந்தப் பேர் கிடையாது. உடம்பு, இறக்கை, கண் எல்லாமே அட்டக் கருப்பு. உலக்கையைக் காலில் பற்றிக்கொண்டு எழும்பும், கல்லுரலில் விடும். ஒவ்வொரு குத்துக்கும் "ஊப்... ஊப்..." என்று மூச்சு வாங்கும். வேலை முடிந்தால் மேகத்தைத் தொடுகிற மாதிரி ஒரு சுற்றுப் பறக்கும். அந்த மலையில் அதைவிட உயரப் பறக்கிற பறவை இல்லை. அந்தப் பெருமையும் அதற்கு உண்டு.

மலையில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஏறி வந்தவர்களுக்குத்தான் மருந்து. யார் போட்ட கட்டுப்பாடு என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் உச்சிப் பூசை முடிந்து அம்மனுக்குத் திரை போட்டாயிற்று. திரை போட்டால் அவளைக் கூப்பிடக் கூடாது. செம்போத்து உரலோரம் கண்ணயர்ந்தது. ஒரு குரங்கு வந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

"அண்ணே, பாதி மலையில ஒருத்தி புள்ளையோட உக்காந்துட்டா. ஏறவும் மாட்டேங்குறா, எறங்கவும் மாட்டேங்குறா. மடியில தேங்காய் இருக்கான்னு பாத்தேன். அதுவும் இல்ல."

"உனக்கு எப்பவும் தேங்காய் நெனப்புதான்" என்று திட்டிவிட்டு செம்போத்து பறந்து போய்ப் பார்த்தது.

காத்தாயி என்கிற களை எடுக்கிறவள். மடியில் மகள் தேனு. பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. காத்தாயிக்கும் காய்ச்சல்.

"எந்திரி ஆத்தா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"காலு வரல சாமி. எனக்கு ஒண்ணும் வேணாம். இவளுக்கு மட்டும் ஒரு சிட்டிகை கொண்டாந்து குடுப்பியா? கூப்பிட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குறா."

"ஏறி வந்தாத்தான்..." என்று தொடங்கிய செம்போத்துக்கு மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

மேலே பறந்து வந்தது. திரை அசையவில்லை.

"நீ கொண்டு போயேன்" என்றது குரங்கிடம்.

"கேக்காம உரலைத் தொட்டா அம்மன் என் வாலை ஒட்ட நறுக்கிடுவா. எனக்கு இருக்கிறதே ஒரு வாலு."

செம்போத்து இலையில் மருந்தை எடுத்துக் கவ்விக்கொண்டு பறந்தது. காற்று அடித்த அடியில் தூள் முழுக்கப் போயிற்று. திரும்பி வந்தது. உரலில் இருந்தது கொஞ்சம்தான். இதுவும் போனால் பிள்ளை பிழைக்காது. சுனையில் இறக்கையை நனைத்தது. ஈர இறக்கை இரண்டையும் உரலுக்குள் விட்டுப் புரட்டியது. நொச்சியும் மிளகும் செஞ்சந்தனமும் சேர்ந்த மருந்து சாந்தாய் ஒட்டிக்கொண்டது. இறக்கையை விரித்தால் உதிர்ந்துவிடும். அதனால் நடந்தது.

அது நடந்து பழகாத பறவை. பாறை சுட்டது. மிளகு கண்ணில் எரிந்தது. துடைக்கப் போனால் மருந்து போய்விடும். துடைக்கவில்லை. புதருக்குப் புதர் நிழல் தேடித் தத்தித் தத்திப் போயிற்று.

மேலே கிளிகள் சிரித்தன. "என்னங்க பெரியவரே, கால்நடையா? இறக்கைய யாருக்காவது இரவல் குடுத்தாச்சா?"

அது தலை நிமிரவில்லை.

காத்தாயி அதன் இறக்கையிலிருந்து மருந்தை விரலால் வழித்துப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். மிச்சத்தைத் தான் நக்கிக்கொண்டாள். இறக்கையில் செஞ்சந்தனச் சாயம் மட்டும் ஒட்டி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தேனுவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, கஞ்சி" என்றாள்.

காத்தாயி அழுதுகொண்டே சிரித்தாள். செம்போத்து திரும்பிப் பார்த்தது. பின்னால் நொச்சியம்மன் நின்றிருந்தாள். பாறைச் சூட்டில் அவளும் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தாள்.

செம்போத்து இறக்கையை ஒடுக்கிக்கொண்டது. "கேக்காம எடுத்துட்டேன் தாயே. திரை போட்டிருந்துச்சு. ஏறி வராதவங்களுக்குக் குடுத்ததும் தப்புதான்."

"ஏறி வந்தாத்தான் மருந்துன்னு நான் எப்போடா சொன்னேன்? நீங்களே வெச்சுக்கிட்டது அது." அம்மன் குனிந்து அதன் சிவந்த கண்ணில் ஊதினாள். "வா, சுனையில கழுவி விடறேன். சாயம் போயிடும், கண்ணும் தெளிஞ்சிடும். பழையபடி உயரப் பறக்கலாம்."

செம்போத்து வானத்தைப் பார்த்தது. காத்தாயியைப் பார்த்தது.

"வேணாம் தாயே. அங்கேருந்து பாத்தா மலை தெரியுது. யாரு உக்காந்துட்டாங்கன்னு தெரியல. நான் இப்படியே நடந்துக்கறேன்."

 அம்மன் அதன் இறக்கையைத் தடவிக் கொடுத்தாள். "சரி. அப்போ நீ யார் எதிர்ல நடந்து வந்தாலும், நான் பாதி வழி எறங்கி வந்துட்டேன்னு அவங்க நெனச்சுக்கட்டும்."

அன்று முதல்தான் செம்போத்துக்கு இறக்கை செம்பு நிறம், கண் ரத்தச் சிவப்பு; அந்தப் பேரும் அப்படி வந்ததுதான். அன்று முதல்தான் அது உயரப் பறக்காமல் புதரோரம் நடக்கிறது, உலக்கை போட்ட பழக்கத்தில் "ஊப், ஊப்" என்கிறது. புறப்படும்போது அது எதிரே வந்தால் நம்மவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் அதனால்தான்.

நீங்களும் ஒருநாள் அந்த மலை ஏறுவீர்கள். பாதி வழியில் யாராவது உட்கார்ந்திருந்தால், தண்ணீர் வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.